வாரங்கள் எங்கே போகின்றன?



மருத்துவமனைச் செய்தி மடல் என்றால் கண் சிகிச்சை முகாம், காசநோய் ஊழியம், பிரசவ வார்டு என்று நன்றியோடு வாசிக்கக்கூடிய செய்திகளையே எதிர்பார்ப்பீர்கள். இம்முறை சபைகளில் நாம் சத்தமாகப் பேசாத ஒரு காரியத்தை உங்கள் முன் வைக்கிறோம். வேண்டாத கர்ப்பமோ, உயிருக்கு ஆபத்தான கர்ப்பமோ, வன்முறையால் வந்த கர்ப்பமோ உண்டான ஒரு பெண், சட்டம் அனுமதிக்கும் மருத்துவ உதவியைத் தேடி வரும்போது ஏன் இவ்வளவு பிந்தி வந்து சேருகிறாள் என்பதே அந்தக் காரியம்.

கருக்கலைப்பைப் பற்றிச் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை என்பதை அறிவோம். ரோமன் கத்தோலிக்க சபை அதை ஏற்பதில்லை. மற்றச் சபைகளிலும் கடுமையாக மறுப்பவர்கள் உண்டு. தாயின் உயிர், பலாத்காரம் போன்ற நிலைகளில் ஏற்பவர்களும் உண்டு. அந்த விவாதத்தைத் தீர்க்க இங்கே முயலவில்லை. ஆனால் எந்தக் கருத்துடையவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகலாம். 6-ஆம் வாரத்தில் வரும் பெண்ணோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது. அவள் யோசிக்கவும் நேரம் இருக்கிறது. 19-ஆம் வாரத்தில் இரத்தப் போக்கோடு வருகிறவளுக்கு இரண்டும் இல்லை. இடையில் போன 13 வாரங்களை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது யார்? அதைத்தான் இங்கே விளக்க விரும்புகிறோம்.

வானம் பார்த்த பூமி

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி இது. குண்டாறு ஓடும் ஊர் என்று பெயர். ஆற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்க்கும் மாதங்களே அதிகம். வடகிழக்குப் பருவமழை பெய்தால் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்க வேண்டும். அருப்புக்கோட்டை நகரத்தில் கைத்தறியும் நூற்பாலைகளும் உண்டு. கிராமத்து ஆண்கள் பலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிந்தெடுத்துத் தனிக்கவனம் கொடுக்க முன்வந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மதுரை மிஷன் மண்டபசாலையில் ஊழிய நிலையம் வைத்திருந்ததைச் சபைச் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அன்றைய வறட்சியின் கதை இன்னும் முடியவில்லை.

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 15 கி.மீ. அங்கிருந்து விருதுநகர் சுமார் 20 கி.மீ., மதுரை சுமார் 50 கி.மீ. வரைபடத்தில் இவை தூரமே அல்ல. ஆனால் பகல் முழுவதும் கூலி வேலை செய்து, மாலையில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய ஒரு பெண்ணுக்கு, காரணம் சொல்லாமல் ஒரு நாள் வெளியே போய் வருவது எவ்வளவு தூரம் என்பதை வரைபடம் காட்டாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கருக்கலைப்பு எந்த நிலையிலும் குற்றம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. தாயின் உயிரைக் காக்கச் செய்வது மட்டுமே விலக்கு. இரகசியமாகக் கலைக்கப் போய்ப் பெண்கள் மடிந்ததைக் கண்டு, 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1966-ல் அது அறிக்கை கொடுத்தது. அதன் விளைவாக 1971-ல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்து, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2021-ல் அது முக்கியமாகத் திருத்தப்பட்டது. இன்றைய நிலை சுருக்கமாக இதுதான்:

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் அபிப்பிராயம் போதும். தாயின் உயிருக்கு ஆபத்து, உடலுக்கோ மனதுக்கோ கடும் பாதிப்பு, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனம் ஆகியவை காரணங்கள். கருத்தடை முறை பலிக்காமல் போனதும், பலாத்காரமும் மனதுக்குக் கடும் பாதிப்பாகவே கருதப்படும்.

20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் அபிப்பிராயம் வேண்டும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், உடல் ஊனமுற்றோர், மனநோயாளிகள், கருவில் கடும் குறை கண்டறியப்பட்டோர், பேரிடரில் சிக்கியோர் ஆகியோருக்கே இது பொருந்தும். திருமணமாகாத பெண்களை இதிலிருந்து விலக்க முடியாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

24 வாரத்துக்கு மேல், கருவில் கடுமையான குறை இருந்தால் மட்டும், மருத்துவக் குழு முடிவு செய்யும். மனு வந்த மூன்று நாளில் குழு தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி.

தாயின் உயிரை உடனே காப்பாற்ற வேண்டிய அவசரம் என்றால் வாரக்கணக்கே கிடையாது. இதைப் பலர் அறியாதிருக்கிறார்கள்.

கையெழுத்து யாருடையது? 18 வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண் என்றால் அவளுடையது மட்டுமே. கணவன், தகப்பன், மாமியார் யாருடைய கையெழுத்தையும் சட்டம் கேட்கவில்லை. அவள் பெயரை வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வாரத்தை எண்ணுவது எப்படி?

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. மருத்துவர் கர்ப்பத்தை எண்ணுவது கருத்தரித்த நாளிலிருந்து அல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ஆகவே, “நாள் தள்ளிப் போயிருக்கிறதே” என்று ஒரு பெண் முதன்முதலாகச் சந்தேகப்படும்போதே நான்கு வாரம் முடிந்திருக்கும். “ஒரு மாதம்தான் தள்ளியிருக்கிறது” என்று அவள் சொன்னால் மருத்துவர் எட்டு வாரம் என்று எழுதுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. கணக்குதான் வேறு.

இந்த வாரங்கள் ஏன் முக்கியம்? 9 வாரம் வரை, மருத்துவரின் மேற்பார்வையில் இரண்டு வகை மாத்திரைகளால் முடியும். 12 வாரம் வரை உறிஞ்சு குழாய் முறையில் சிறிது நேரத்தில் முடித்து, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பழைய சுரண்டும் முறையைவிட இது பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 12 வாரம் தாண்டினால் கூடுதல் பயிற்சி பெற்ற மருத்துவர், படுக்கை, தேவைப்பட்டால் இரத்தம் ஆகிய எல்லாம் வேண்டும். தகுந்த இடத்தில் அப்போதும் பாதுகாப்பாகச் செய்யலாம். ஆனால் அந்த இடங்கள் குறைவு. வாரம் ஏற ஏற ஆபத்தும் செலவும் ஏறும்; அவள் போக வேண்டிய ஊரும் தூரமாகும்.

முதல் இழப்பு: தெரியாமல் போகும் வாரங்கள்

கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு மாதவிலக்கு திரும்பாமலேயே அடுத்த கர்ப்பம் தங்கிவிடலாம். “பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன், அதனால்தான் தூரம் வரவில்லை” என்று அவள் இருந்துவிடுவாள். வயிறு தெரிந்த பிறகுதான் சந்தேகம் வரும். இரத்த சோகையால் மாதவிலக்கு ஒழுங்கில்லாத பெண்ணுக்கும் இப்படியே. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்த சோகை இருப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. 40 வயதைத் தாண்டியவர்கள் “நின்றுபோகிற வயது” என்று விட்டுவிடுவார்கள். பதினைந்து வயதுப் பெண்ணோ தன் உடலில் என்ன நடக்கிறது என்றே அறியாதிருப்பாள்.

நம் மாநிலத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் பெண்களின் கருத்தடை அறுவை சிகிச்சைதான். தற்காலிக முறைகளைக் கையாள்வோர் குறைவு. முதல் குழந்தைக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவிலுள்ள ஆண்டுகளில் பெண்ணுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு.

இரண்டாம் இழப்பு: சொல்ல முடியாத வாரங்கள்

தெரிந்தபின் யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொன்னால் “ஆண்டவன் கொடுத்ததை” என்று தொடங்குவார். கணவன் வெளியூரில் இருந்தால் போனில் சொல்லத் தயங்குவாள். கணவன் ஊரிலேயே இல்லாத காலத்தில் தங்கிய கர்ப்பம் என்றால் சொல்லவே மாட்டாள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லலாம். 2002-ல் வெளிவந்த ஆய்வொன்றில் லட்சுமி ராமச்சந்தரும் பெர்ட்டி பெல்ட்டோவும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் எங்கே போவது என்று பெண்களுக்கு வழிகாட்டுவதில் இந்தச் செவிலியர்களுக்குப் பெரிய பங்கு இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். ஆனால் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து எண் கொடுப்பவரும் அதே நர்சம்மாதான். தாய்சேய் நலத்துக்கு அந்தப் பதிவு பெரிய உதவி. “நோட்டில் ஏறிவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்” என்று பயப்படுகிறவளுக்கோ அதுவே தடை.

திருமணமான பெண்ணுக்கும் இது எளிதல்ல. செங்கல்பட்டு வட்டாரத்தில் கிராமப் பெண்களிடையே பணிபுரியும் ருவ்செக் அமைப்பைச் சேர்ந்தவர்களின் ஆய்வு 2004-ல் வெளியானது. கணவனின் வற்புறுத்தலை மறுக்க முடியாமல் கர்ப்பமாகி, பிறகு கலைக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படும் மனைவிகளைப் பற்றி அது பேசியது. கலைக்க அனுமதி உண்டு, கணவனிடம் வேண்டாம் என்று சொல்ல அனுமதி இல்லை என்ற நிலை. நம் சபைக் குடும்பங்கள் இதற்கு விலக்கு என்று சொல்லத் துணிவோமா?

மூன்றாம் இழப்பு: பாதையில் போகும் வாரங்கள்

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம். திருச்சுழிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் மதுரைக்குப் போகும் புறநகர்ப் பேருந்துக்குக் காசு வேண்டும். கூடவே வரும் துணைக்கும் ஒரு நாள் கூலி போகும். ஒரே நாளில் முடிந்தால் பரவாயில்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர் இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துவரச் சொல்வார்கள். ஸ்கேன் இயந்திரம் அன்றைக்கு ஓடாது. அடுத்த திங்கட்கிழமை வா என்பார்கள். திங்கட்கிழமை இரத்தம் குறைவு, மாத்திரை சாப்பிட்டுவிட்டு வா என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாரம்.

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால் முன்பு மதுரைக்கே போக வேண்டியிருந்த பலருக்குத் தூரம் குறைந்திருக்கிறது. இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆயினும் தூரத்தை எண்ண வேண்டியது விருதுநகரிலிருந்து அல்ல, நரிக்குடிக்கு அப்பாலுள்ள கடைசிக் கிராமத்திலிருந்து.

நான்காம் இழப்பு: பயத்தால் போகும் வாரங்கள்

இந்தப் பயம் மருத்துவருடையது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் நிறைவேறி 1996 முதல் அமலில் இருக்கிறது. நம் பக்கத்து உசிலம்பட்டியின் பெண் சிசுக் கொலைச் செய்திகளை நினைவில் வைத்திருப்போர் இந்தச் சட்டத்தின் அவசியத்தை உணர்வார்கள். ஆனால் இதுவும் கருக்கலைப்புச் சட்டமும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “நமக்கேன் வம்பு” என்று 12 வாரம் தாண்டிய எல்லாரையும் திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு.

சிறுமிகள் விஷயத்தில் இன்னொரு பயம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் கர்ப்பம் பற்றிக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். போலீஸ் வரும் என்று அஞ்சிக் குடும்பம் ஆஸ்பத்திரிக்கே வராது. மேலே சொன்ன 2022 தீர்ப்பு இதற்கு ஒரு வழி திறந்தது. சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் குறிப்பிட வேண்டியதில்லை.

ஐந்தாம் இழப்பு: தவறான கைகளில் போகும் வாரங்கள்

எருக்கங்குச்சியும் கஷாயமும் எத்தனை பெண்களைப் புதைகுழிக்கு அனுப்பின என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் மாத்திரை பிடித்திருக்கிறது. 2015-ல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 100-க்கு 73 மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. 100-க்கு 22 மட்டுமே மருத்துவமனையில் நடந்தவை. மாத்திரை தன்னளவில் நல்ல மருந்துதான். எத்தனை வாரம் என்று தெரியாமல், கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று பாராமல், இரத்த சோகையோடு, யாருக்கும் சொல்லாமல் சாப்பிடும்போதுதான் ஆபத்து. பாதி கலைந்த நிலையில் மூன்று வாரம் இரத்தம் போய், பிறகு வருகிறவளின் உயிரைக் காப்பது கடினம்.

ஒரு கையெழுத்துக்காக

இந்த இழப்புகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாடறிந்த ஒரு சாட்சி 2017-ல் பாட்னாவில் நடந்த வழக்கு. கணவனால் கைவிடப்பட்டுத் தெருவில் வாழ்ந்த ஒரு பெண் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். பலாத்காரத்தால் கர்ப்பமாகியிருந்தார். எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. அவர் பாட்னா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தபோது சுமார் 17 வாரம். அன்றைய வரம்பு 20. அவருடைய சம்மதமே போதுமாயிருக்க, தகப்பனின் கையெழுத்து கேட்கப்பட்டது. தகப்பன் வந்து கையெழுத்திட்டும் காரியம் நடக்கவில்லை. உயர் நீதிமன்றம் போனார்கள், அங்கும் நாட்கள் ஓடின, மனு தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றத்தை எட்டியபோது, இனிக் கலைத்தால் அவர் உயிருக்கே ஆபத்து என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தாமதத்துக்காக அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் உத்தரவிட்டது. பணத்தைக் கொடுக்க முடிந்தது. போன வாரங்களைக் கொடுக்க முடியவில்லை.

மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு பழைய நினைவு எழும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையிலிருந்த தங்கள் இளம் மனைவிகளுக்காக உதவி கேட்டு இளம்பெண் ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். தன் தகப்பனார் மருத்துவர், அவர் வருவார் என்று அவர் சொன்னார். ஆண் மருத்துவர் பார்க்க அந்த வீடுகளின் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். வேலூர் மருத்துவமனை அந்த இரவிலிருந்து பிறந்தது. அன்று மருத்துவர் தொலைவில் இல்லை. மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் மற்றவர்களின் அனுமதி நின்றது. அது இன்றும் நிற்கிறது.

கிறிஸ்தவ நாட்டில் நடந்தது

கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் அயர்லாந்தின் கால்வே நகரில் வாழ்ந்தார். 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பிணியாக மருத்துவமனையில் சேர்ந்தார். கரு தானாகவே கலைந்துகொண்டிருந்தது. காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்துவிட்டது. முடித்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயத் துடிப்பு நிற்கவில்லை என்பதால் அந்நாட்டுச் சட்டப்படி மறுத்தார்கள். கிருமி இரத்தத்தில் பரவி அக்டோபர் 28 அன்று, தம் 31-ஆம் வயதில் இறந்தார். காத்திருந்ததால் குழந்தையும் பிழைக்கவில்லை. 2018-ல் அயர்லாந்து மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசியல் சாசனத்தையே மாற்றினார்கள்.

இதை எழுதுவது எந்தச் சபையையும் குறைசொல்ல அல்ல. உயிரை மதிக்கிறோம் என்று சொல்லும் நமக்கே இது அதிகம் உறைக்க வேண்டும் என்பதற்காக.

பங்காளர்கள் கேட்கும் கேள்விகள்

மிஷன் மருத்துவமனைக்கு இதில் என்ன வேலை?

கருக்கலைப்பு செய்யும் மருத்துவமனையானாலும் செய்யாத மருத்துவமனையானாலும் சில கடமைகளில் விலக்கில்லை. இரத்தப் போக்கோடு வருகிறவளிடம், தானாகக் கலைந்ததா, கலைத்தாயா என்று விசாரணை நடத்தாமல் உடனே சிகிச்சை கொடுப்பது. எத்தனை வாரம் என்பதைச் சரியாகச் சொல்வது. சட்டம் என்ன அனுமதிக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது. நம்மால் செய்ய முடியாததைச் செய்யும் இடத்துக்கு அன்றைக்கே கடிதம் கொடுத்து அனுப்புவது. மனச்சாட்சியின் காரணமாக ஒரு மருத்துவர் தாம் செய்யாதிருக்கலாம். வேறிடம் சொல்லாமல் “அடுத்த வாரம் வா” என்று வாசலில் காக்க வைப்பதற்கு மனச்சாட்சி என்று பெயரில்லை.

ஆலோசனை கொடுத்தால் சில குழந்தைகள் பிழைக்கலாமே?

ஆம். அதற்காகவே சீக்கிரம் வர வேண்டும் என்கிறோம். பயத்தினாலோ வறுமையினாலோ மட்டும் வேண்டாம் என்று நினைத்த தாய், பரிவான ஆலோசனைக்குப் பின் பெற்றுக்கொள்ளத் தீர்மானிப்பதும் உண்டு. ஆனால் முடிவு அவளுடையது. ஆலோசனை என்ற பெயரில் நாட்களைக் கடத்துவதும், “குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் பார்ப்போம்” என்று பேரம் பேசுவதும் ஊழியமல்ல.

பிந்தி வந்தவளை என்ன செய்வது?

24 வாரம் தாண்டி, கருவில் குறையும் இல்லை, உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்றால், உயர் நீதிமன்றத்தை நாடுவதுதான் ஒரே வழி. 2004 முதல் நம் பகுதிக்கு மதுரைக் கிளை இருக்கிறது. அதுவும் இயலாதபோது அவளைக் கைவிடக் கூடாது. பாதுகாப்பான பிரசவமும், பெயர் வெளிவராத தங்குமிடமும் கொடுக்க வேண்டும். வளர்க்க முடியாத குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். 60 நாட்களுக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம். குப்பைத் தொட்டியில் கிடந்த சிசு என்று நாம் பத்திரிகையில் படிக்கும் செய்திக்குப் பின்னால், இந்த வழியை யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு தாய் இருந்திருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் காணிக்கை பெரிய இயந்திரங்களுக்கு மட்டும் அல்ல. வெளிநோயாளிகள் வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி “என்ன விஷயம்?” என்று கேட்காமல், கதவைச் சாத்திப் பேச ஒரு சிறு அறை வேண்டும். அந்த அறையில் உட்கார ஒரு பெண் ஆலோசகர் வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகருக்கோ மதுரைக்கோ அன்றைக்கே அனுப்பப் பயணச் செலவு வேண்டும். நாள் தள்ளிய முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளச் சிறுநீர்ப் பரிசோதனை அட்டைகள் கிராமங்களில் கையிருப்பில் வேண்டும். இவை எல்லாம் சிறிய செலவுகள். ஒவ்வொன்றும் ஒரு வாரத்தை மீட்டுக் கொடுக்கும்.

பணத்தைவிட அருமையான ஒன்றையும் கேட்கிறோம். உங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் இந்த வாரக்கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். கணவனின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்பதைச் சொல்லுங்கள். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும், பெண்களுக்கான 181-ஐயும், பிள்ளைகளுக்கான 1098-ஐயும் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். ஆண்கள் கூட்டத்திலும் பேசுங்கள். கர்ப்பம் பெண்ணால் மட்டும் வருவதில்லை.

பன்னிரண்டு வருஷம் உதிரப் பெருக்கினால் வருந்தி, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் செலவழித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஜனக்கூட்டத்துக்குள் நுழைந்த ஸ்திரீயின் சம்பவம் நமக்கெல்லாம் தெரியும். அவள் ஏன் முன்னமே வரவில்லை என்று ஆண்டவர் கேட்கவில்லை. யாருடைய அனுமதியோடு வந்தாள் என்றும் கேட்கவில்லை. அவளை மகளே என்று அழைத்து, சமாதானத்தோடு அனுப்பினார்.

ஜெபக் குறிப்புகள்

1. பயத்தினால் ஒருவரிடமும் சொல்லாமல் நாட்களைக் கடத்தும் சகோதரிகளுக்கு நம்பத்தக்க ஒருவர் கிடைக்கும்படி ஜெபியுங்கள்.

2. ஊர் ஊராக நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களின் பெலத்துக்காகவும், இரகசியம் காக்கும் நாவுக்காகவும் ஜெபியுங்கள்.

3. வன்முறைக்கு ஆளான சிறுமிகளுக்காகவும், அவர்களுக்கு நீதி தாமதமாகாதிருக்கவும் ஜெபியுங்கள்.

4. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மருத்துவர்கள் சட்டத்தைச் சரியாக அறிந்து, பயமின்றி, இரக்கத்தோடு பணிசெய்ய ஜெபியுங்கள்.

5. நம் சபைகள் நியாயந்தீர்க்கும் இடமாக அல்ல, சீக்கிரம் ஓடிவரத்தக்க அடைக்கலமாக இருக்க ஜெபியுங்கள்.